வாடகை வீட்டு ஏர்கானை யார் மாற்றுவது?

வாசகர் கேள்வி:

வணக்கம். எனக்கு 67 வயது. மனைவியும் நானும் சிங்கப்பூரில், செங்காங்கில் மகன் குடும்பத்தோடு இருக்கிறோம். அங் மோ கியோவில் இருக்கும் எங்கள் மூவறை வீட்டை, இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். நல்ல மனிதர்கள். அந்த வீட்டுப் படுக்கையறை ஏர்கான்கள் இரண்டும் 2010ல் பொருத்தியவை. ஃபிரிட்ஜும் நாங்கள் விட்டுவந்த பழையதுதான். "பியூபி கரண்ட் பில் கட்டி மாளவில்லை அங்கிள், ஏர்கானை மாற்றித் தருவீர்களா?" என்று அந்தத் தம்பி போன மாதம் கேட்டார். ஏர்கான் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பில் கட்டுவது அவர், மிச்சமும் அவருக்கு. செலவு மட்டும் எனக்கா?

இதைப் பற்றி மகனிடம் பேசினேன். அரசாங்கம் மின்கட்டணத்தை ஏற்றிவிட்டால் எல்லாரும் தானாகச் சிக்கனமாகிவிடுவார்கள், சாதனங்களில் இந்த மின்சிக்கன டிக் ஒட்டுவதும், சிக்கனமானதை வாங்கப் பற்றுச்சீட்டு கொடுப்பதும் தேவையே இல்லை என்கிறான். தஞ்சாவூரில் என் தம்பி வீட்டிலோ 100 யூனிட் இலவசம். எந்த வழி சரி? நான் ஏர்கானை மாற்ற வேண்டுமா?

பதில்:

வணக்கம் ஐயா. இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் இரண்டும் ஒன்றில்தான் போய் நிற்கின்றன. உங்கள் மூவறை வீட்டில் இயந்திரத்தை வாங்குபவர் ஒருவர், அதற்கு ஆயுள் முழுக்க மின்சாரம் போடுபவர் இன்னொருவர். கட்டடங்களில் எரிசக்தித் தணிக்கை செய்வது என் தொழில். ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகக் கோபுரமானாலும் அங் மோ கியோ புளோக்கானாலும், மின்சாரம் வீணாவதற்குப் பெரும்பாலும் இந்தப் பிரிவுதான் காரணம். அது எங்கே இருக்கிறது என்று பார்த்தால், எந்தக் கொள்கை எங்கே வேலை செய்யும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் உங்கள் வீட்டுக் கணக்கு. சாதாரண வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுப் படுக்கையறைக்கு 9,000 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏர்கான் போதும். 2010ல் விற்ற, கம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் இல்லாத இயந்திரம், கம்ப்ரசர் ஓடும்போது ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். விட்டுவிட்டு ஓடுவதால் இரவு முழுவதற்குமான சராசரி 650 வாட் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய ஐந்து டிக் இயந்திரம் (டிக் கூடக் கூடச் சிக்கனம் அதிகம்) அதே குளிர்ச்சியைச் சராசரியாக 350 வாட்டில் தந்துவிடும். வித்தியாசம் 300 வாட். இரவுக்கு எட்டு மணி நேரம் என்றால் 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். பொருள் சேவை வரியோடு யூனிட் 30 காசு என்று வைத்தால் ஓர் அறைக்கு 21 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல், இரண்டு அறைக்கும் சேர்த்து 43 வெள்ளி. ஆண்டுக்கு 500 வெள்ளியைத் தாண்டும். இது மதிப்பீடுதான். அவர்கள் எத்தனை மணி நேரம் போடுகிறார்கள், எந்த வெப்பநிலையில் வைக்கிறார்கள், கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆனாலும் அந்தத் தம்பி சும்மா புலம்பவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

இப்போது உங்கள் பக்கம். புது இயந்திரம், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 3,000 வெள்ளி என்று கொள்வோம். நீங்களே அங்கே குடியிருந்தால் ஆறு ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். வாடகைக்கு விட்ட வீட்டில் அது திரும்பவே திரும்பாது. அதனால் "ஓடும் வரை ஓடட்டும்" என்று நினைக்கிறீர்கள். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். உங்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

சரி, மகன் சொல்வதை எடுத்துக்கொள்வோம். விலை ஏறினால் மக்கள் சிக்கனமாவார்கள் என்பது பொய்யில்லை. சிங்கப்பூர் மின்சாரத்தில் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. எரிவாயு விலை ஏறினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் கட்டணத்தில் அது அப்படியே தெரிகிறது, அரசாங்கம் மானியம் கொடுத்து மறைப்பதில்லை. அதற்கு மேல் கரிம வரியும் இருக்கிறது. 2019ல் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கியது, 2024ல் 25 வெள்ளி ஆனது. 2026, 2027ல் 45 வெள்ளி. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வரியைக் கட்டுவது மின்நிலையம் போன்ற பெரிய ஆலைகள்தான், ஆனால் அது கட்டணத்தின் வழியாக வீட்டுக்கும் வந்து சேர்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக மாதம் 400 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு 25 வெள்ளி வரியில் 4 வெள்ளி சொச்சம், 45 வெள்ளி வரியில் 7 வெள்ளி சொச்சம் கூடுதலாக வரும்.

இன்னும் ஒரு படி மேலே போய், கட்டணமே யூனிட்டுக்கு 45 காசு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஏர்கானால் உங்கள் குடித்தனக்காரருக்கு மாதா மாதம் போகும் பணம் 43 வெள்ளியிலிருந்து 65 வெள்ளியாகிவிடும். உங்களுக்கு? ஒரு காசு கூட மாறாது. அவர் செய்யக்கூடியது ஒன்றுதான், ஏர்கானை அணைத்துவிட்டுப் புழுக்கத்தில் படுப்பது. இயந்திரத்தை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, விலையின் உறைப்பு அவரிடம் இருக்கிறது. மகனின் யோசனை இங்கேதான் இடிக்கிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவரிடம் விலை நன்றாகவே பேசும். வாடகைக்கு விட்டவரின் காதில் அது விழாது.

சொந்த வீட்டுக்காரரிடமும் முழுதாகப் பேசுவதில்லை என்பது என் அனுபவம். கோர்ட்ஸ், ஹார்வி நார்மன் போன்ற மின்சாதனக் கடைகளில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவது விலைச்சீட்டு. பத்து ஆண்டு மின்செலவு அங்கே தெரிவதில்லை. கையில் பணம் குறைவாக இருக்கும் குடும்பம் மலிவான இயந்திரத்தை வாங்கிவிட்டு, அதற்கு மாதா மாதம் அதிகம் கட்டுகிறது. விலை ஏறினால் மிக அதிகமாக வலிப்பது இவர்களுக்குத்தான். நான் விலை ஒன்றையே நம்பாததற்கு இதுவே முதல் காரணம்.

இந்த இடத்தில்தான் மகன் வீண் என்று சொல்லும் டிக் வருகிறது. தேசியச் சுற்றுப்புற வாரியம் 2008ல் ஏர்கானுக்கும் ஃபிரிட்ஜுக்கும் எரிசக்தி முத்திரையைக் கட்டாயமாக்கியது. துணி உலர்த்தும் இயந்திரம், தொலைக்காட்சி, விளக்கு என்று அது பிறகு விரிந்தது. டிக் எத்தனை என்பதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அதே முத்திரையில் ஆண்டு மின்செலவு எவ்வளவு என்ற மதிப்பீடும் அச்சாகியிருக்கிறது, தயவுசெய்து அதையும் படியுங்கள். விலைச்சீட்டில் இல்லாத பாதி விலை அங்கே இருக்கிறது.

முத்திரை நல்ல விஷயம். ஆனால் அது படிப்பவருக்கும் பில் கட்டுபவருக்கும் மட்டுமே உதவும். வாடகை வீட்டுக்கு ஏர்கான் வாங்கப் போகும் உரிமையாளர், டிக்கைப் பார்த்தாலும் மலிவானதைத்தான் எடுப்பார். இதற்கு 2011ல் ஒரு பதில் வந்தது. ஏர்கானுக்கும் ஃபிரிட்ஜுக்கும் குறைந்தபட்சச் செயல்திறன் அளவைச் சட்டமாக்கினார்கள். அந்த அளவுக்குக் கீழே இருக்கும் இயந்திரத்தைச் சிங்கப்பூரில் விற்கவே கூடாது. அந்த அடிமட்டத்தை அதன்பின் பலமுறை உயர்த்தியிருக்கிறார்கள். விளக்குகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும், 2023 இறுதியிலிருந்து ஹாலோஜன் பல்பு கடைக்கு வருவதில்லை. யாரும் அதற்காக வருத்தப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

எல்லாக் கருவிகளிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இந்த அடிமட்டம்தான். செய்தியில் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. பற்றுச்சீட்டு என்றால் முதல் பக்கம், குறைந்தபட்ச அளவு உயர்ந்தது என்றால் உள்பக்கத்தில் நான்கு வரி. ஆனால் அது வீட்டு உரிமையாளரின் நல்ல மனத்தை நம்பி இல்லை, குடித்தனக்காரரின் பேரம் பேசும் திறமையை நம்பி இல்லை, கணக்குத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடும் பார்ப்பதில்லை. மிக மோசமான இயந்திரம் கடையிலேயே இல்லையென்றால் வாடகை வீட்டுக்கும் அது போய்ச் சேராது. ஏழைக் குடும்பம் மலிவானதை வாங்கினாலும் ஓரளவு நல்லதுதான் கையில் வரும். ஜப்பான் 1990களின் கடைசியில் இதை இன்னொரு விதத்தில் செய்தது. சந்தையில் அன்று யாருடைய இயந்திரம் மிகச் சிறந்ததோ, அதையே சில ஆண்டுகளில் எல்லாத் தயாரிப்பாளரும் எட்ட வேண்டிய இலக்காக வைத்தது. கடைசியில் நிற்பவரை வெளியே தள்ளுவது நம் முறை, முதலில் நிற்பவரை எல்லாரும் எட்டிப்பிடிக்கச் சொல்வது அவர்கள் முறை. இங்கே தயாரிப்பு இல்லை, இறக்குமதிதான், ஆகவே நம் முறை நமக்குப் பொருந்துகிறது.

உங்கள் ஏர்கான்கள் 2010ல் வாங்கியவை என்று எழுதியிருந்தீர்கள். அடிமட்டம் வருவதற்கு ஒரு வருடம் முந்தியவை. இந்தச் சட்டத்தின் பலவீனம் இதுதான், புதிதாக விற்பதை அது தடுக்கும், சுவரில் ஏற்கெனவே தொங்குவதைத் தொடாது. பழையது தானாகக் கெட்டுப்போகும் வரை காத்திருக்க வேண்டும். நன்றாகப் பராமரித்தால் ஏர்கான் எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கு உங்கள் வீடே சாட்சி.

காத்திருக்கும் காலத்தைக் குறைக்கத்தான் பற்றுச்சீட்டு. 2020 நவம்பரில் தொடங்கியபோது அது ஓரறை, ஈரறை, மூவறை வீவக வீடுகளுக்கு மட்டும்தான், ஃபிரிட்ஜுக்கு 150 வெள்ளி, எல்இடி விளக்குக்கு 25, குளியல் ஷவருக்கு 50. 2024 ஏப்ரலில் எல்லா வீவக வீடுகளுக்கும் 300 வெள்ளி என்று விரிந்தது. 2025ல் இன்னும் 100 சேர்ந்தது, தனியார் வீடுகளுக்கும் 400 வெள்ளி கிடைத்தது. 2027 டிசம்பர் 31 வரை செல்லும். ஏர்கான் என்றால் ஐந்து டிக் இருந்தால்தான் பயன்படுத்த முடியும். மின்சாரம் குறைவாக இழுக்கும் டிசி மின்விசிறி, எல்இடி, ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர்க் குழாய் என்று மொத்தம் பத்து வகைப் பொருள்கள்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எப்படியும் ஐந்து டிக் வாங்கப் போகிறவருக்கும் பணம் போகிறது. தனியார் வீட்டுக்காரர் 400 வெள்ளிக்காக முடிவை மாற்றுவாரா என்பது சந்தேகம். அந்தப் பணத்தைச் சிறிய வீடுகளுக்குக் கூட்டிக் கொடுத்திருந்தால், பழைய ஃபிரிட்ஜ் இன்னும் வேகமாகப் போயிருக்கும் என்பது என் கருத்து. ஃபிரிட்ஜ் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுவது, சிக்கனமாகப் பயன்படுத்து என்று அறிவுரை சொல்லி அதன் செலவைக் குறைக்க முடியாது, மாற்றினால்தான் குறையும். அப்படியும் உயர்ந்த தர இயந்திரத்துக்கு மட்டும் சலுகை என்ற நிபந்தனையை நான் மனமார வரவேற்கிறேன். கடைக்காரர் எதை முன்வரிசையில் வைக்கிறார் என்பதை அது மாற்றிவிட்டது.

உங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. இந்தப் பற்றுச்சீட்டு குறைந்தது ஒரு சிங்கப்பூர்க் குடிமகனாவது இருக்கும் குடும்பத்துக்கானது. அங் மோ கியோ வீட்டில் இருக்கும் குடும்பம் இந்தியாவிலிருந்து வந்தது என்கிறீர்கள். ஆகவே அந்த வீட்டுக்கு அதை நம்பாதீர்கள். செங்காங் வீட்டில் மகன் வாங்கிவிட்டாரா என்று கேளுங்கள். சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளம் வழியாக ஒருவர் எடுத்தால் போதும், ஒரு வீட்டுக்கு ஒரு முறைதான்.

அப்புறம் உங்கள் தம்பி வீட்டு 100 யூனிட். தமிழ்நாட்டில் 2016 மே முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதைத் தாண்டினால் பயன்பாடு கூடக் கூட விலை ஏறும் அடுக்குக் கட்டணம். நாம் இங்கே வேறு விதமாகச் செய்கிறோம். விலை எல்லாருக்கும் ஒன்று, தகுதிபெறும் வீவக குடும்பங்களுக்கு யூ-சேவ் என்ற அரசாங்கத் தள்ளுபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில்லில் வரவாகிறது. எவ்வளவு என்பது வீட்டின் அளவைப் பொறுத்தது, எத்தனை யூனிட் எரித்தோம் என்பதைப் பொறுத்ததில்லை. இது சின்ன வேறுபாடாகத் தெரியலாம், ஆனால் இதில் நல்ல யோசனை இருக்கிறது. யூ-சேவ் வாங்கும் குடும்பம் ஒரு யூனிட்டைச் சேமித்தால் அதற்கு 30 காசு முழுதாக மிச்சம். உதவியும் கிடைக்கிறது, சிக்கனத்துக்கான காரணமும் கெடுவதில்லை. தமிழ்நாட்டில் 100 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு, சேமித்தாலும் கையில் ஒன்றும் வராது. இருந்தாலும் அங்கே முதல் மின்விசிறிக்கும் முதல் விளக்குக்குமே அந்த உதவி தேவைப்படும் வீடுகள் ஏராளம். இரண்டு ஊரின் தேவையும் வேறு.

அடுக்குக் கட்டணத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மீட்டருக்குப் பின்னால் எத்தனை பேர் என்று மீட்டருக்குத் தெரியாது. செங்காங்கில் உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். தனியாகக் கூட்டுரிமை வீட்டில் இருக்கும் ஒருவரைவிட உங்களுக்கு யூனிட்டுக்கு அதிக விலை என்றால் அது நியாயமில்லை.

இந்தியாவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறொன்று. எல்இடி பல்பை அங்கே அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014ல் ஒரு பல்பின் கொள்முதல் விலை ஏறக்குறைய 310 ரூபாய், 2016ல் அது 38 ரூபாய். வரி இல்லை, தடை இல்லை, பெரிய வாங்குபவராக நின்று விலையை இறக்கினார்கள். நம் நகர மன்றங்களும் வீவகவும் தாழ்வாரம், கார் நிறுத்துமிடம் என்று எல்லா இடத்துக்கும் எல்இடி வாங்கியதிலும் அந்தச் சக்தி இருக்கிறது. 2030க்குள் வீவக நகரங்களின் எரிசக்திப் பயன்பாட்டை 2020 அளவிலிருந்து 15 விழுக்காடு குறைப்பது அவர்கள் இலக்கு. வாடகைக்கு விடும் உரிமையாளர்கள் சேர்ந்து மொத்தமாக ஏர்கான் வாங்க ஒரு திட்டம் வந்தால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன்.

வீடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூர் மின்சாரத்தில் வீடுகளின் பங்கு சுமார் 15 விழுக்காடுதான். நான் நாள்தோறும் வேலை செய்வது பெரிய கட்டடங்களில். அங்கேயும் உங்கள் கதைதான், பெரிய எண்களில். கோபுரத்தின் குளிரூட்டும் நிலையம் உரிமையாளருடையது. அதன் மின்செலவு சேவைக் கட்டணமாக வாடகைதாரர் தலையில் இறங்குகிறது. பழைய, சரியாகப் பராமரிக்காத நிலையம் ஒரு டன் குளிர்ச்சிக்கு (டன் என்பது இங்கே குளிரூட்டும் திறனின் அளவு) ஒரு கிலோவாட் எடுக்கும். நல்ல நிலையம் 0.6 போதும் என்று ஓடும். மதிய நேரத்தில் ஊழியர்கள் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் அலுவலகங்களை இன்றும் பார்க்கிறேன். அந்தக் குளிருக்கும் பணம் கட்டுவது அவர்கள் நிறுவனம்தான்.

அரசாங்கம் இந்தப் பிரச்சினையை மிக முன்பே புரிந்துகொண்டது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1979லேயே ஏர்கான் போட்ட கட்டடங்களின் சுவர், கண்ணாடி வழியே எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்பதற்குச் சதுர மீட்டருக்கு 45 வாட் என்று உச்சவரம்பு வைத்தது. கட்டியபின் சுவரை மாற்ற முடியாது, ஆகவே கட்டும்போதே பிடித்தார்கள். 2005ல் கட்டட, கட்டுமான ஆணையம் கட்டடங்களுக்கான பசுமைக் குறியீடு என்ற தரச்சான்றைத் தொடங்கியது, அது விருப்பத் திட்டம். 2008ல் புதுக் கட்டடங்களுக்குக் குறைந்தபட்ச அளவு சட்டமானது. 2012ல் சட்டத்தைத் திருத்தி, இருக்கும் கட்டடங்களும் ஆண்டுதோறும் எரிசக்திக் கணக்கு தர வேண்டும் என்றார்கள். எனக்கு அதில் பெரிய மதிப்பு உண்டு, ஏனென்றால் அந்தக் கணக்கு கைக்கு வந்தபிறகுதான் எந்தக் கட்டடம் எவ்வளவு விழுங்குகிறது என்று பெயரோடு தெரிந்தது. கடைசியாக 2025ல் வந்திருப்பது கட்டாய மேம்பாடு. 5,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள, தொடர்ந்து மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும் கட்டடங்கள் தணிக்கை செய்து, பயன்பாட்டை 10 விழுக்காடு குறைத்தே ஆக வேண்டும். சுவரில் ஏற்கெனவே தொங்குவதைத் தொடும் சட்டம் கடைசியில் வந்துவிட்டது, ஆனால் பெரிய கட்டடங்களுக்கு மட்டும்.

வாடகை வீடுகளுக்கு அப்படி ஒன்று இல்லை. இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முழு வீட்டை வாடகைக்கு விடும்போது, உள்ளே இருக்கும் ஏர்கானும் ஃபிரிட்ஜும் எந்த ஆண்டில் வாங்கியவை, எத்தனை டிக் என்பதை ஒப்பந்தத்தில் எழுதும்படி சொன்னாலே போதும். வீடு பார்க்க வருபவர் இப்போது எம்ஆர்டி ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார், அப்போது ஏர்கான் வயதையும் கேட்பார். நல்ல ஏர்கான் உள்ள வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கிடைக்கும் என்றால், உரிமையாளருக்கும் மாற்றக் காரணம் வந்துவிடும்.

மகனிடமிருந்து இன்னொரு கேள்வி வரலாம். ஐந்து டிக் மாட்டினால் செலவு குறைவுதானே என்று இன்னும் அதிக நேரம் போடுவார்களே? போடுவார்கள், கொஞ்சம். சேமிப்பில் ஒரு பகுதி அப்படிப் போகும் என்பது உண்மை. ஆனால் இதுவரை பில்லுக்குப் பயந்து குழந்தை வியர்த்துப் படுத்த வீட்டில், இன்னும் இரண்டு மணி நேரம் ஏர்கான் ஓடினால் அதை வீண் என்று நான் கணக்கெழுத மாட்டேன். இரவிலும் வெக்கை இறங்காத ஊர் இது. தூக்கமும் உடல்நலமும் சேர்ந்ததுதான் சேமிப்பு.

இனி உங்கள் முடிவு. மாற்றுங்கள் ஐயா, ஆனால் தனியாகச் சுமக்க வேண்டாம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் அந்தத் தம்பியிடம் கணக்கைத் திறந்து வையுங்கள். இப்போது அவருடைய போன வருட பில்களை ஒன்றாக எடுத்துப் பாருங்கள். ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியிருந்தால் கைப்பேசிச் செயலியிலேயே அரைமணிக்கு எவ்வளவு என்று தெரியும், இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை பார்த்தாலே ஏர்கானின் பசி புரிந்துவிடும். மாதம் 40 வெள்ளி மிச்சமாகும் என்று தெரிந்தால், வாடகையில் 20 வெள்ளி கூட்டுவதற்கு அவர் தயங்க மாட்டார் என்று நம்புகிறேன். அவருக்கும் 20 வெள்ளி லாபம், உங்களுக்கும் ஆண்டுக்கு 240 வெள்ளி திரும்பும். பதினாறு ஆண்டு ஓடிய இயந்திரத்தை எப்படியும் சீக்கிரம் மாற்ற வேண்டி வரும். அது ஒரு வெள்ளிக்கிழமை இரவு கெட்டுப்போய் அவசரத்தில் கிடைத்ததை வாங்குவதைவிட, இப்போது நிதானமாக வாங்குவது நல்லது.

வாடகை வருமானத்துக்கு வரி கட்டுகிறீர்கள் என்றால் இதையும் பாருங்கள். பழையதற்குப் பதிலாக அதே வகைப் பொருளை மாற்றி வைக்கும் செலவை வாடகை வருமானத்திலிருந்து கழிக்க இடம் உண்டு. வாடகையில் 15 விழுக்காட்டை ஒட்டுமொத்தச் செலவாகக் கழிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால் இதைத் தனியாகக் கழிக்க முடியாது. ஏர்கான் மாற்றும் ஆண்டில் எது லாபம் என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டுத் தாக்கல் செய்யுங்கள், ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வாங்கும்போது பெரிய இயந்திரத்தை விற்க முயல்வார்கள். 9,000 பிடியு அறைக்கு 12,000 வேண்டாம். அங் மோ கியோ பழைய பேட்டை. 1994க்கு முன் கட்டிய வீவக வீடுகள் பலவற்றில் வீட்டுக்கு வரும் மின் இணைப்பு 30 ஆம்பியர்தான். உங்கள் வீட்டில் அதை முன்பே கூட்டியிருக்கிறீர்களா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். பொருத்துபவர் முறையாகப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்று வீவக கேட்கிறது, ஆகவே யாரோ தெரிந்தவர் மலிவாகச் செய்கிறார் என்று போகாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்வது குடித்தனக்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் வழக்கமாக எழுதுவார்கள். அதை அப்படியே விட்டுவிடாமல் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள், வடிகட்டி அடைத்த ஐந்து டிக் இயந்திரம் ஐந்து டிக் மாதிரி நடந்துகொள்ளாது.

பணம் ஒரேயடியாக இல்லை என்றால் ஃபிரிட்ஜிலிருந்து தொடங்குங்கள், செலவு குறைவு. அறைக்கு ஒரு டிசி மின்விசிறியும் போட்டுக் கொடுத்தால், ஏர்கானை 25 டிகிரியில் வைத்தாலும் அவர்களுக்குக் குளிர்ச்சி குறையாது. புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கும்போதே பழையதைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். 2021 ஜூலையிலிருந்து அதே வகைப் பழைய பொருளைக் கடைக்காரர் இலவசமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. "இருக்கட்டும், தண்ணீர் பாட்டில் வைக்கலாம்" என்று அது செங்காங் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிடக் கூடாது.